நனைந்த சாக்ஸ்

ஆகஸ்ட் 26, 2024, திங்கள். தேவாலா

மழை விடுவதும் பிடிப்பதுமாக இருக்கிறது. ஜூலை கடைசியில் மலைக்கு அந்தப் பக்கம் வயநாட்டில் மண் சரிந்ததிலிருந்து, ராத்திரி பலமாகக் கொட்டினால் எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை. அம்மா எழுந்து பின்சுவரைக் கையால் தடவிப் பார்க்கிறாள். எனக்கு ஆறு வயதில் அப்படி ஒரு மழையில்தான் பழைய வீட்டின் பின்சுவர் விழுந்தது. வலது பாதத்தின் முன்பாதி அதோடு போனது.

இன்று கூடலூர் பஸ்ஸைப் பிடிக்கத் தேயிலைக்குள் போகும் குறுக்குப் பாதையில் இறங்கினேன். பாதி வழியிலேயே சாக்ஸ் ஊறிவிட்டது. கடைக்குப் போய் ஷூவைக் கழற்றினால் சாக்ஸ் முழுக்க ரத்தம். அட்டை. தழும்பு இருக்கும் பக்கம் எனக்கு உணர்ச்சி கிடையாது, கடித்தால் தெரியாது. கழுவிவிட்டு ஜெராக்ஸ் மிஷின் முன்னால் நின்றேன். சாயங்காலம் வரை கால் காயவில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

நேற்று ராத்திரி பாரிஸில் மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் தொடங்கியது. சுமித் அன்டிலும் பாக்யஸ்ரீ ஜாதவும் கொடி பிடித்து வந்தார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் 2021 டோக்கியோ பாராலிம்பிக் ஞாபகம் வந்துவிட்டது. அங்கே கொடி பிடிக்க வேண்டியவர் உயரம் தாண்டும் மாரியப்பன் அண்ணன். விமானத்தில் கூட வந்த ஒருவருக்குக் கொரோனா என்று சொல்லி இவரைத் தனிமைப்படுத்திவிட்டார்கள். கொடி டேக் சந்த் கைக்குப் போனது.

அண்ணன் என்று நானாகத்தான் கூப்பிடுகிறேன். நேரில் பார்த்ததே இல்லை.

ஆகஸ்ட் 31, சனி

அண்ணனின் டோக்கியோ வெள்ளிப் பதக்கத்துக்கு இன்றோடு மூன்று வருஷம்.

அவரைப் பற்றி எல்லோரும் சொல்வது 2016 ரியோ தங்கத்தைத்தான். நான் அப்போது எட்டாவது. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிக்காரர், ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போகும்போது பஸ் ஏறி வலது கால் முட்டிக்குக் கீழே நசுங்கியது, அப்படிப்பட்டவர் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கிவிட்டார் என்று காலைச் செய்தியில் சொன்னார்கள். அப்பா டீ டம்ளரை அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றார். அம்மா மட்டும், "அந்தப் புள்ளையோட அம்மா என்ன பண்ணுது?" என்று கேட்டாள். செங்கல் சுமந்தவர், அப்புறம் காய்கறி விற்றவர், தனி ஆளாகப் பிள்ளைகளை வளர்த்தவர் என்று பேப்பரில் படித்துச் சொன்னேன். அதற்குப் பிறகு அம்மா ஒன்றும் பேசவில்லை. கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டு நேரம் வந்தால் எனக்கு மரத்தடியில் உட்காருவதுதான் வேலை. மற்றவர்களின் பைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். யாரும் கெட்ட எண்ணத்தில் அப்படிச் செய்யவில்லை. ஆனால் ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட 'நீயும் வா' என்று யாரும் கூப்பிட்டதில்லை. அண்ணனும் முதலில் வாலிபால்தான் ஆடிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து 'நீ உயரம் தாண்டிப் பார்' என்று சொல்ல ஒரு பி.டி. வாத்தியார் இருந்தார். அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சரி, டோக்கியோவுக்கு வருகிறேன். 2021 ஆகஸ்ட் 31. தூறலாக ஆரம்பித்த மழை, குச்சி 1.80-ஐத் தாண்டியதும் வலுத்துவிட்டது. ரியோவில் இவருக்குப் பின்னால் வெள்ளி வாங்கிய அமெரிக்கர் சாம் கிரூ இந்தத் தடவை 1.88 தாண்டினார். அண்ணன் 1.86-ஐத் தாண்டிவிட்டார், 1.88-இல் மூன்று வாய்ப்பும் போய்விட்டது. தங்கம் வாங்கி உலக சாதனையும் செய்யலாம் என்றுதான் வந்தேன், மழையில் அடிபட்ட காலின் சாக்ஸ் நனைந்துவிட்டது, தாண்ட முடியவில்லை என்று முடிந்ததும் சொன்னார்.

சாக்ஸ் நனைந்துவிட்டது. அதைக் கேட்டதும் நான் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

என் ஷூவின் முன்பக்கம் காலி. பழைய பனியன் துணியை மடித்துத் திணித்து, காலுக்குக் கனமான பருத்தி சாக்ஸ் போட்டு, அதற்கு மேல் ஷூவை இறுக்கிக் கட்டுவேன். சாக்ஸ் காய்ந்திருந்தால் காலும் ஷூவும் ஒன்றாக நகரும். நனைந்துவிட்டால் உள்ளே வழுக்கும், துணி ஒரு மூலையில் உருண்டுகொள்ளும், குதிகால் தனியே தூக்கும். ஒவ்வொரு அடியும் எங்கே விழப்போகிறது என்று யோசித்துத்தான் வைக்க வேண்டும். என்னிடம் யாராவது கேட்டால் கால் வலிக்கிறது என்று சொல்லிவிடுவேன். சாக்ஸ் என்று சொன்னால் யாருக்குப் புரியும்? அவர் உலகத்துக்கு முன்னால் சொன்னார். அந்த ஈரத்தோடு 1.86 தாண்டியும் இருந்தார்.

தங்கத்தைப் பார்த்தபோது பெருமையாக இருந்தது. இவர் என் ஆள் என்று தோன்றியது அந்த வெள்ளியைப் பார்த்த பிறகுதான்.

செப்டம்பர் 1, ஞாயிறு

பக்கத்து வீட்டுப் பொடியன், மூன்றாவது படிக்கிறான், 1.89 என்றால் எவ்வளவு உயரம் அக்கா என்று கேட்டான். தையல் டேப்பை எடுத்தேன். அது 150 சென்டிமீட்டர்தான். அதனால் வாசல் பக்கச் சுவரில் 150-க்கு ஒரு கோடு போட்டு, முக்காலி மேல் ஏறி இன்னும் 39 அளந்து சாக்பீஸால் கிழித்தேன். கோடு எங்கள் வாசல் நிலைக்கு மேலே போய்விட்டது! அப்பா தினமும் குனிந்து நுழைகிற நிலை. பொடியன் நிலையையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தான். "இது மேலேயா குதிச்சாங்க? ஒரு கால்லயா?" என்றான். கீழே 1.86-க்கும் ஒன்று போட்டேன். மூன்று சென்டிமீட்டர், இரண்டு விரல் அகலம்கூட இல்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

நேற்று பேட்மின்டனில் துளசிமதி வெள்ளி, மனிஷா வெண்கலம், நித்யஸ்ரீ வெண்கலம். மூன்றும் தமிழ்நாட்டுப் பெண்கள். கடைக்கு வந்த எல்லோரிடமும் சொன்னேன்.

இன்று நள்ளிரவை ஒட்டி அண்ணனுக்கு ஃபைனல். மே மாதம் கோபேயில் நடந்த உலகப் போட்டியில் 1.88 தாண்டித் தங்கம் வாங்கியிருக்கிறார். பாரிஸில் மழை வரக் கூடாது என்று மாரியம்மனிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குள் சிக்னல் இல்லை. குடையோடு தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போகவேண்டும். யானை வந்தாலும் வரும், தனியாகப் போகாதே என்று அம்மாவும் டார்ச்சோடு கிளம்பிவிட்டாள்.

செப்டம்பர் 4, புதன்

வெண்கலம். 1.85.

அமெரிக்காவின் எஸ்ரா ஃப்ரெச், பத்தொன்பது வயதுப் பையன், 1.94 தாண்டினான். நம் நாட்டின் இன்னொரு வீரர் சரத் குமார் 1.88, வெள்ளி. படம் நின்று நின்றுதான் வந்தது. அண்ணன் ஓடிவருவார், படம் உறைந்துவிடும், மறுபடி வரும்போது மெத்தையில் கிடப்பார். குச்சி இருக்கிறதா விழுந்ததா என்று அம்மாவும் நானும் ஒரே குடைக்குள் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம்.

ரியோ, டோக்கியோ, பாரிஸ். மூன்றிலும் பதக்கம். நடுவில் எட்டு வருஷம். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று இறங்கிவிட்டாரே என்று கடையில் ஒருவர் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கால் ஒரு நாளும் லீவு எடுக்காது சார், எட்டு வருஷமும் அதே காலோடு எழுந்து மைதானத்துக்குப் போயிருக்கிறார் என்று சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் ஆதார் ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு போனார்.

செப்டம்பர் 8, ஞாயிறு

கூடலூர் சந்தையில் நான்கு ஜோடி சாக்ஸ் வாங்கினேன். ஒன்றைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டால் பஸ்ஸில் ஏறியதும் மாற்றிக்கொள்ளலாம். இத்தனை வருஷமாக இது ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் ஷூவைக் கழற்றக் கூச்சம், அதுதான் காரணமாக இருக்கும். வெள்ளிக்கிழமை கழற்றினேன். பக்கத்தில் இருந்த பாட்டி காலைப் பார்த்தார், நகர்ந்து இடம் விட்டார்.

பொடியன் வந்து மூன்றாவது கோடும் போடச் சொன்னான். 1.85. நான் டேப்பைப் பிடித்தேன், முக்காலியில் ஏறி அவனே கிழித்தான். கோணலாகத்தான் வந்தது.

அம்மா அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் சாக்ஸைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது இந்தக் கோடெல்லாம் போய்விடுமே என்றேன்.

"அந்தப் பக்கம் அடிக்காம விட்டுக்கலாம்" என்றாள்.