டயாலிசிஸ் பையில் வெறும் மருந்தையும் போட்டுப் பாருங்கள்

மார்பகப் புற்றுநோய்க்கு நானோ துகள் என்று எம்.பார்ம் புராஜெக்ட் எடுத்திருக்கும் தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் செய்தது, உடலில் மெல்லச் சிதையும் பி.எல்.ஜி.ஏ. என்ற பாலிமரால் ஆன துகளுக்குள் பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்து.

இந்த மருந்து தண்ணீரில் கரையவே கரையாது. பழைய ஊசியில் அதைக் கரைக்க, ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த கிரெமோஃபோர் சேர்ப்பார்கள். அதனாலேயே சிலருக்குக் கடும் ஒவ்வாமை வரும். 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆப்ராக்சேனில் கிரெமோஃபோர் கிடையாது. ஆல்புமின் புரதத்தோடு சேர்ந்த, சுமார் 130 நானோமீட்டர் துகள்கள்தான். உங்கள் அறிமுக அத்தியாயத்தை இந்தக் கதையிலிருந்து தொடங்கலாம்.

துகள் தயாரிப்பதில் பெரிய சிரமம் இல்லை. பாலிமரையும் மருந்தையும் அசிட்டோனில் கரைத்து, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கும் பி.வி.ஏ. சேர்த்த, சுழலும் கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டால், தெளிவாக இருந்தது மெல்ல நீலம் ஓடிய பால் போல மாறும். மறுநாள் அடியில் ஊசி ஊசியாக வெள்ளைப் படிகம் தெரிந்தால், மருந்தில் ஒரு பங்கு துகளுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது என்று அர்த்தம்.

நான் சறுக்கியது, துகளிலிருந்து மருந்து எவ்வளவு வேகத்தில் வெளியே வருகிறது என்று பார்க்கும் வெளியீட்டுச் சோதனையில். கரைந்த மருந்தை வெளியே விட்டு, துகளை உள்ளேயே நிறுத்தும் டயாலிசிஸ் பையில் துகளைப் போட்டு, பாஸ்பேட் பஃபர் என்ற உப்புக் கரைசலில் வைத்தேன். 48 மணி நேரத்தில் கால்வாசி மருந்துகூட வெளியே வரவில்லை. நீடித்த வெளியீடு கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து ஸ்லைடும் போட்டேன். ரிவ்யூவுக்கு வந்த தேர்வாளர் கேட்டது ஒரே கேள்விதான்: "வெறும் மருந்தைப் பையில் போட்டுப் பார்த்தீங்களாம்மா?"

பார்க்கவில்லை. அப்புறம் போட்டுப் பார்த்தால், அதுவும் அதே வேகத்தில்தான் வந்தது! துகள் மருந்தைப் பிடித்து வைத்திருக்கவில்லை; வெளியே இருந்த பஃபரால் அதற்கு மேல் மருந்தை வாங்கிக்கொள்ள முடியவில்லை, அவ்வளவுதான். பையில் உள்ள மருந்து முழுவதையும் கரைக்கத் தேவையான அளவைப் போல் குறைந்தது மூன்று மடங்காவது வெளித்திரவம் இருக்க வேண்டும். சிங்க் கண்டிஷன் என்று பாடத்தில் படித்ததுதான். பஃபரில், மருந்தைக் கரைய வைக்க உதவும் ட்வீன் 80 சேர்த்து எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். இரண்டு மாதம் போனது. துகளின் மேற்பரப்பில் ஒட்டியிருந்த மருந்து முதல் சில மணி நேரத்திலேயே கொட்டிவிடுவது அப்போதுதான் தெரிந்தது.

செல் சோதனைக்கும் இதே கவனம் வேண்டும். எம்.சி.எஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய் செல்கள் செத்தால் உடனே மருந்துக்குப் பெருமை சேர்க்காதீர்கள். மிஞ்சிய அசிட்டோனும் செல்லைக் கொல்லும். 96 குழிப் பிளேட்டில் மருந்தில்லாத துகளுக்கென்று ஒரு வரிசையை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, அப்புறம் மற்றதை நிரப்புங்கள்.