சொந்தக் காணியில் கை வைப்பதற்கு ஓர் அனுமதி

கொழும்பு வெள்ளவத்தையில் அம்மாவின் வீட்டுக்கு மேல்மாடி எழுப்பும் வேலை நடக்கிறது. அதைப் பார்க்கவென்று சிட்னியிலிருந்து ஆறு வார விடுமுறையில் வந்திருக்கிறேன். வேலையை முன்னின்று நடத்துபவன் என் அத்தை மகன். அவனுக்கு அவுஸ்திரேலிய நிரந்தர வதிவிட விசா கிடைத்துவிட்டது. இன்னும் இரண்டு மாதங்களில் குடும்பத்தோடு புறப்படுகிறான். புளொக்கல் அடுக்கிய முற்றத்தில் தேநீர் குடித்தபடி, அங்கே ஒரு பழைய வீட்டை வாங்கி, ஆள் வைக்காமல் தானே திருத்திக் கட்டப்போவதாகச் சொன்னான். அதற்கு அனுமதி எடுக்க வேண்டியிருக்கும் என்று நான் சொன்னதும் அவன் சிரித்துவிட்டான். "உன்ர காணி, உன்ர காசு. கட்டுறதுக்கு என்ன மச்சான் லைசென்ஸ்?"

2009 இல் நான் சிட்னிக்குப் போய் இறங்கியபோது என் எண்ணமும் இதுவாகத்தான் இருந்தது. நான் வளர்ந்த வீடு அப்படி. 1983 ஜூலையில் எரிந்துபோன கூரையை அப்பா ஒரு மேசனையும் இரண்டு கூலியாட்களையும் வைத்துக்கொண்டு மீளப் போட்டார். கந்தோர் விட்டு வந்ததும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே சாந்து குழைப்பார். நாங்கள் கல் எடுத்துக் கொடுப்போம். அவர் யார், அவருக்குக் கட்டத் தெரியுமா என்று ஒருவரும் கேட்டதாக நினைவில்லை.

கொழும்பில் சட்டமே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும் 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் இருக்கின்றன. மச்சானும் காணி உறுதி, நில அளவைப் படம், தகைமை பெற்றவர் ஒப்பமிட்ட கட்டட வரைபடம் ஆகியவற்றோடு மாநகர சபைக்குப் பலமுறை நடந்த பிறகே பிளான் பாஸானது. பின்பக்கத்தில் எவ்வளவு வெளி விடவேண்டும், வீதிக்கோடு எங்கே வருகிறது, வாகனம் எங்கே நிற்கும் என்று எல்லாமே கேட்கப்பட்டன. கட்டி முடிந்தபின் இணக்கச் சான்றிதழும் பெறவேண்டும். ஆனால் இவை அனைத்தும் கட்டடத்தைப் பற்றிய கேள்விகள். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கட்டடத்தோடு சேர்த்து, கட்டுகின்ற ஆளையும் பற்றிக் கேட்கிறார்கள். உரிமையாளரே ஆனாலும் அவருக்கு விலக்கு இல்லை.

2018 இல் சிட்னியின் புறநகரான டூங்காபியில் எங்கள் வீட்டின் பின்வளவில், அம்மா வந்து தங்குவதற்கு ஒரு சிறு வீடு கட்ட நினைத்தபோதுதான் இதை அறிந்தேன். அங்கே 'கிரானி பிளாட்' என்று சொல்லப்படும் அந்தச் சிறு வீடு 60 சதுர மீற்றருக்கு மேற்படக்கூடாது. விரைவு வழியில் ஒப்புதல் பெறுவதற்குக் காணி 450 சதுர மீற்றராவது, அதாவது நம் கணக்கில் ஏறத்தாழ 18 பேர்ச்சாவது, இருக்கவேண்டும். எங்களிடம் அந்த அளவு காணி இருந்தது. ஒப்புதலும் கிடைத்தது. அத்தோடு முடிந்தது என்று நான் நினைத்திருந்த வேளையில், சான்றளிக்கும் அதிகாரி, கட்டப்போகிற ஒப்பந்தக்காரரின் உரிம இலக்கத்தைக் கேட்டார். நானே கட்டப்போகிறேன் என்றேன். அப்படியானால் உங்கள் ஓனர் பில்டர் அனுமதியின் இலக்கத்தைத் தாருங்கள் என்றார். ஓனர் பில்டர் என்றால் தன் வீட்டைத் தானே கட்டும் உரிமையாளர்.

அந்த மாநிலத்தின் 1989 ஆம் ஆண்டு வீட்டுக் கட்டடச் சட்டத்தின்படி, திட்டமிடல் ஒப்புதல் தேவைப்படுகின்ற வீட்டு வேலை ஒன்றின் பெறுமதி 10,000 டொலரைத் தாண்டுமானால், உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரிடம் அதை ஒப்படைக்க வேண்டும், இல்லையேல் உரிமையாளர் தன் பெயரில் இந்த அனுமதியை எடுக்கவேண்டும். நான் சறுக்கியது அந்தப் பெறுமதியைக் கணக்கிடும் முறையில். பலகைக்கும் சீமெந்துக்கும் கொடுக்கும் காசை மட்டுமே கூட்டிப் பார்த்து, வேலையைத் துண்டு துண்டாகச் செய்தால் தப்பிக்கொள்ளலாம் என்று திட்டமிட்டிருந்தேன். சட்டமோ பொருளுக்கும் உழைப்புக்கும் சேர்த்துச் சந்தையில் நியாயமாக என்ன விலை வருமோ அதைத்தான் பெறுமதியாகக் கொள்கிறது. சனிக்கிழமைகளில் நானும் நண்பர்களும் சம்பளமின்றிச் செய்யும் வேலைக்கும் விலை உண்டு. அப்பா குழைத்த சாந்துக்கு ஒரு நாளும் எங்கள் வீட்டில் விலை போட்டதில்லை. அனுமதியின்றிச் செய்து பிடிபட்டால் தனியாளுக்கு 22,000 டொலர்வரை தண்டம் விதிக்கலாம் என்று படித்தபிறகு துண்டுக்கணக்கைக் கைவிட்டேன்.

பெறுமதி 20,000 டொலரைத் தாண்டினால் அங்கீகரிக்கப்பட்ட ஓனர் பில்டர் பாடநெறி ஒன்றை முடிக்கவேண்டும். கட்டட வேலைத்தளப் பாதுகாப்புப் பற்றிய ஒரு நாள் வகுப்புக்குப் போய் 'வைற் கார்ட்' என்ற அட்டையையும் பெறவேண்டும். நாற்பது வயதைக் கடந்த கணக்காளனாகிய நான், பள்ளிக்கூடம் முடித்துவிட்டு நேரே வந்த பையன்களோடு இருந்து, ஏணியை எந்தச் சாய்வில் நிறுத்துவது என்று படித்தேன். முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. பாடநெறியில் பயன் இருந்ததா என்று கேட்டால், சுவர் கட்ட அது கற்றுத்தரவில்லை. ஒப்பந்தத்தில் எதை எழுதிக்கொள்ள வேண்டும், கூரைவேலைக்காரர் வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு என்பவற்றைக் கற்றுத்தந்தது. யார் பொறுப்பு என்பதற்கு விடை பெரும்பாலும் நான்தான்.

அனுமதி கையில் வந்த பிறகும் எல்லா வேலையையும் நானே செய்துவிட முடியாது. மின்சாரம், நீர்க்குழாய், எரிவாயு ஆகிய வேலைகளுக்குத் தொகை எவ்வளவு சிறிதானாலும் உரிமம் உள்ளவரே வரவேண்டும்; மற்ற வேலைகளை வெளியாளுக்குக் கொடுக்கும்போது 5,000 டொலருக்கு மேற்பட்டால் அவரிடமும் உரிமம் இருக்கவேண்டும். எங்கள் உறவினர் ஒருவர் கொழும்பில் இருபது வருடங்கள் வயரிங் வேலை செய்தவர். பம்பலப்பிட்டித் தொடர்மாடிகள் பலவற்றில் அவர் கைபட்ட வயர் இன்றும் ஓடுகிறது. சிட்னிக்கு வந்து இரண்டு வருடமாகியும் அங்குள்ள உரிமத்தை அவர் இன்னும் பெற்றிருக்கவில்லை. என் வீட்டுக்கு ஒரு பிளக் பொயின்ற் போடக்கூட அவரை விட முடியவில்லை. உரிமம் பெற்ற இளைஞன் வயர் இழுத்துக்கொண்டிருக்க, அவர் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் எழுந்து போய்விட்டார். சட்டத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. அந்தக் காட்சியை நினைத்தால் இப்போதும் மனம் ஒப்பவில்லை.

ஒரே ஆளுக்கு ஐந்து வருடத்துக்குள் வேறொரு காணிக்கு இந்த அனுமதியைப் பொதுவாகக் கொடுக்க மாட்டார்கள். வீடுகளைக் கட்டிக் கட்டி விற்பவர்கள், 'நானே உரிமையாளன்' என்ற கதவால் நுழையாதிருக்க வைத்த தடை அது. அனுமதி எடுத்த நாளிலிருந்து ஏழரை வருடங்களுக்குள் வீட்டை விற்றால், உரிமையாளர் தாமே கட்டியது என்ற எச்சரிக்கையை விற்பனை ஒப்பந்தத்தில் சேர்க்கவேண்டும். ஒப்பந்தக்காரர் கட்டும் வேலைக்கு உள்ள காப்புறுதி, 2015 ஜனவரி முதல் உரிமையாளர் கட்டிய வேலைக்குக் கிடையாது. ஆகவே இது காசு மிச்சம் பிடிக்கும் சலுகை என்று நினைப்பவர்கள் நிதானித்துப் பார்க்கவேண்டும். ஒப்பந்தக்காரர் தலையில் இருந்திருக்கவேண்டிய சுமை முழுவதும் நம் தலைக்கு மாறுகிறது. வங்கிகளும் இத்தகைய வேலைக்குக் கடன் கொடுக்கத் தயங்கும்.

இவற்றுள் நான் மனமார ஏற்றுக்கொண்டது அஸ்பெஸ்டஸ் பற்றிய விதியை. டூங்காபி வீட்டின் பழைய சலவையறைச் சுவர்கள் 'பைப்ரோ' என்னும் அஸ்பெஸ்டஸ் சீமெந்துத் தகடுகளால் ஆனவை. 1990 க்கு முன் கட்டப்பட்ட அவுஸ்திரேலிய வீடுகளில் அது இருக்கக்கூடும் என்று கருதியே வேலையைத் தொடங்குவார்கள். அந்நாட்டில் 2003 இன் இறுதியோடு அஸ்பெஸ்டஸ் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. 10 சதுர மீற்றருக்கு மேல் அகற்றுவதானால் அதற்கென உரிமம் பெற்றவர்தான் அகற்றவேண்டும். வெள்ளை உடையும் முகமூடியும் அணிந்த இருவர் வந்து, தகடுகளை நனைத்து, உடைக்காமல் கழற்றி, பிளாஸ்ரிக் விரிப்பில் சுற்றிக் கொண்டுபோனார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர்களை, நினைத்தது 1983 க்குப் பின் அப்பா போட்ட கூரையை. அதுவும் அஸ்பெஸ்டஸ்தான். தகடுகளை அவர் கைவாளால் அறுத்தபோது கீழே நின்று பிடித்துக்கொடுத்தவன் நான்.

அந்தக் கூரையைத்தான் இப்போது மேல்மாடிக்காகக் கழற்றுகிறார்கள். நான் வந்த மறுநாளே மேசன் பாஸிடம் முகமூடிகளைக் கொடுத்து, தகட்டில் தண்ணீர் அடித்த பிறகு ஆணியைக் கழற்றும்படி கேட்டேன். இருபது வருடமாக இதைத்தான் செய்கிறேன் என்று அவர் சிரித்தார். ஆனாலும் குழாயை இழுத்து வந்தார். முகமூடி பத்து நிமிடத்தில் கழுத்துக்கு இறங்கிவிட்டது.

மாலையில் மச்சான் ஒரு சீமெந்துப் பையைக் கிழித்து, அதன் உட்புறத்தில் பென்சிலால் கணக்குப் போட்டான். சிட்னியில் பின்பக்கமாக ஓர் அறை மட்டும் நீட்டினால் பலகைக்கு எவ்வளவு, தகட்டுக்கு எவ்வளவு, கொங்கிறீற்றுக்கு எவ்வளவு என்று என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதினான். கடைசியாக, தன் கைவேலைக்கு அங்கே ஒரு மணித்தியாலத்துக்கு என்ன கூலி போடுவார்கள் என்று கேட்டான். சொன்னேன். பெருக்கிப் பார்த்தான், பத்தாயிரம் தாண்டியிருந்தது. சாந்தகப்பையைக் கொண்டுபோவதா விடுவதா என்று அத்தையிடம் கேட்கப் போய்விட்டான்.