மறுபடியும் ஹெயான் ஷோடான்

மார்ச் 3

இடது கை விரல் பிசகிவிட்டது. மூன்று வாரத்துக்குக் குமித்தே (எதிராளியோடு மோதும் பயிற்சி) கிடையாது, கட்டா (தனியாகச் செய்யும் அசைவு வரிசை) மட்டும் செய், அதுவும் ஹெயான் ஷோடான் கட்டாவிலிருந்து ஆரம்பி என்று கராத்தே மாஸ்டர் சொல்லிவிட்டார். வெள்ளை பெல்ட்டில் கற்றுக்கொண்டது. 21 அசைவுகள்தான், முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. சரி என்று தலையாட்டினேன், மனசு ஆறவில்லை.

மார்ச் 5

நிற்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். எங்கள் கராத்தே பாணியான ஷோட்டோகானில் இந்தக் கட்டா தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும். நான் முடித்தபோது கோட்டுக்கு இரண்டடி முன்னால் நின்றேன். மறுபடி செய்தேன். அதே இரண்டடி.

எங்கே தவறுகிறது என்று ஒவ்வோர் அடியாகப் பார்த்தேன். மூன்று மேல் தடுப்புகளோடு முன்னே போகும்போது அடி நீளமாக விழுகிறது. மூன்று குத்துகளோடு திரும்பி வரும்போது சுருங்கிவிடுகிறது. குத்தும் அவசரத்தில் கை முந்திக்கொள்ள, கால் பாதியில் நின்றுவிடுகிறது. குமித்தேயில் என் குத்து எப்போதும் நாலு விரற்கடை எட்டாமல் போகும். எதிராளி வேகமாக விலகுகிறார் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். இங்கே விலக யாரும் இல்லை. அப்போதும் எட்டவில்லை.

மார்ச் 9

ஒன்பதாவது அசைவில் கியாய் (அடியோடு எழுப்பும் உரத்த குரல்) போட்டதும் வலது காலை ஊன்றி, இடது காலைப் பின்னால் சுழற்றி 270 டிகிரி திரும்ப வேண்டும். வேகமாகச் செய்தால் ஒழுங்காக வருகிறது. மெதுவாகச் செய்தால் தள்ளாடுகிறேன். அப்படியென்றால் வேகம்தான் இதுவரை என்னைத் தாங்கியிருக்கிறது. முதலில் தலை, அப்புறம் இடுப்பு, கடைசியில் கால் என்று பிரித்துச் செய்தபோதுதான் தோள் முந்திப் போவது தெரிந்தது. இன்று முழுக்க இந்த ஒரு திருப்பம்தான்.

மார்ச் 10

12 முறை. கால் வலி.

மார்ச் 14

நாலாவது அசைவை அலங்காரம் என்றே நினைத்து வந்தேன். வலது கையைப் பின்னுக்கு இழுத்து, தலைக்கு மேலாகச் சுற்றி, சுத்தியல்போல் இறக்குவது. இன்று சீனியர் அண்ணனிடம் என் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். கையை மட்டும் இழுத்தேன், அசையவில்லை. கட்டாவில் உள்ளபடி முன்கால் பின்வாங்க, உடம்பின் எடையும் கூடவே போக, அவருடைய கட்டைவிரல் பக்கமாகக் கை வெளியே வந்துவிட்டது. இரண்டு பேருமே ஒரு நொடி பேசவில்லை.

ஜப்பானின் ஒக்கினாவாவில் பள்ளி மாணவர்களுக்காக இத்தோசு அங்கோ என்ற கராத்தே ஆசிரியர் அமைத்த ஐந்து பினான் கட்டாக்களில் இதுவும் ஒன்று. ஹெயான் என்று பெயர் மாற்றியவர் ஷோட்டோகானை நிறுவிய ஃபுனாகோஷி கிச்சின். முதல் இரண்டையும் அவர் இடம் மாற்றியும் வைத்தார். பிள்ளைகளுக்கு அமைத்தது என்பதாலேயே இதைச் சின்ன விஷயமாகப் பார்ப்பதை இனி என்னால் ஏற்க முடியாது.

மார்ச் 18

கட்டா மட்டும் போதும் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. எதிராளி எந்த நொடியில் பாய்வார், எவ்வளவு தூரத்தில் நிற்பார் என்பதை வெறும் தரை சொல்லித் தராது. அண்ணன் பிடித்திருக்காவிட்டால் அந்த நாலாவது அசைவு எனக்கு இன்னும் அலங்காரம்தான். ஆனால் தனியாகப் பத்து நாள் செய்திருக்காவிட்டால், அவர் பிடித்தபோது என் கால் தானாகப் பின்வாங்கியிருக்காது.

மார்ச் 24

விரல் சரியாகிவிட்டது. குமித்தேயில் மூன்று சுற்று. இரண்டு குத்துகள் போய்ச் சேர்ந்தன. இரண்டிலும் கால் முழுதாகப் போய் ஊன்றியதை என்னால் உணர முடிந்தது.

வகுப்பு முடிந்ததும் ஒருமுறை ஹெயான் ஷோடான் செய்தேன். கடைசிக் கத்திக்கைத் தடுப்பை முடித்து, பழைய நிலைக்கு வந்து கீழே பார்த்தேன். கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றிருந்தேன்.

"மாஸ்டர், நாளைக்கு அடுத்த கட்டா, ஹெயான் நிடான் ஆரம்பிக்கலாமா?"

அவர் தரையைப் பார்த்தார். "இன்னும் ஒரு சாண் இருக்கேப்பா."