நட்சத்திரம் தெரியாதவர்களுக்கு ஓர் அர்ச்சனை

கார்த்திகை மாதத்து மூன்றாம் சோமவாரத்தன்று, இரவெல்லாம் பெய்த மழை சற்றே ஓய்ந்திருந்த அதிகாலையில், என் கணவரும் அவருடைய தாயாரான மாமியும் நானும் திருகோணமலைப் பிரெட்ரிக் கோட்டை வாசலில் முச்சக்கரவண்டியை விட்டு இறங்கினோம். வண்டி இன்னும் மேலே, கோணேசர் கோயிலுக்குக் கிட்ட வரையில் போகும். ஆனால் மாமியின் நேர்த்தி வேறு. தன் மகன் உயிரோடு திரும்பி, தன் காலால் நடந்து வந்து கோணேசர் முன் நிற்க வேண்டும். நின்றால், தானும் செருப்பில்லாமல் அந்த ஏற்றத்தை நடந்து ஏறி, அவனைப் பிழைக்க வைத்த ஒவ்வொருவரின் பெயரிலும் அர்ச்சனை செய்விப்பதாக அவர் வேண்டியிருந்தார். ஆவணி மாதத்து நள்ளிரவொன்றில், வைத்தியசாலை வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு, கோணேசர் கோயில் இருக்கும், இருட்டில் கண்ணுக்குத் தெரியாத சுவாமி மலையின் திசையை நோக்கி அவர் அதைச் சொன்னபோது நான் அருகில்தான் நின்றேன். மாமிக்கு இப்போது 78 வயது. முழங்கால்கள் இரண்டும் வீங்கியிருக்கின்றன. ஆயினும் வண்டியிலேயே போகலாம் என்று சொல்லும் துணிவு எங்கள் இருவருக்கும் வரவில்லை.

இளையவர்கள் கால்மணி நேரத்தில் ஏறிவிடும் அந்த வழி எங்களுக்கு ஒன்றேகால் மணி நேரம் எடுத்தது. பத்தடிக்கு ஒருமுறை மாமி நிற்பார். அவர் நிற்பதைச் சாக்காக வைத்து என் கணவரும் மூச்சு வாங்கிக்கொள்வார். கோட்டைக்குள் மேயும் புள்ளிமான்களில் ஒன்று மாமியின் தட்டிலிருந்த வாழைப்பழத்துக்கு மூக்கை நீட்டியபோது அவர் ஒரு பழத்தைப் பிய்த்துக் கொடுத்தார். என் கணவர் நெஞ்சோடு ஒரு சிறிய தலையணையை அணைத்துப் பிடித்திருந்தார். கோயிலுக்குத் தலையணையோடு வருபவரைக் கண்டு பலர் திரும்பிப் பார்த்தார்கள். அது கண்டியிலிருந்து எங்களோடு வந்த தலையணை.

ஆவணியில் நடந்ததைச் சொல்லாமல் அந்தத் தலையணையைப் பற்றிச் சொல்ல முடியாது. இரண்டு நாட்களாக அவருக்கு நெஞ்சில் அழுத்தம் இருந்தது. ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் காட்டியபோது வாயுக்கோளாறு என்று கூறி மாத்திரை தந்து அனுப்பிவிட்டார்கள். இதயத்துடிப்பைப் பதிந்து பார்க்கவுமில்லை. அந்த மனத்தாங்கல் எனக்கு இன்னும் தீரவில்லை. மூன்றாம் நாள் இரவு வலி இடது கைக்கும் தாடைக்கும் பரவியது. சட்டை தெப்பமாக நனையுமளவுக்கு வியர்த்தது. பக்கத்து வீட்டுத் தம்பியின் வண்டியில் ஏற்றிக்கொண்டு திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்கு ஓடினோம். அங்கே கடமையிலிருந்த இளம் வைத்தியர் முகத்தைப் பார்த்த மாத்திரத்திலேயே புரிந்துகொண்டார். அஸ்பிரினைச் சப்பி விழுங்கச் செய்து, ஈசீஜீ எடுத்து, இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பி, கண்டிக்குத் தொலைபேசியில் பேசி முடிக்கும் வரைக்கும் அவர் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் காணவில்லை.

நள்ளிரவு கடந்து நோயாளர் காவு வண்டி புறப்பட்டது. கந்தளாய் தாண்டி ஹபரணைக்குப் போகும் காட்டுவழியில் யானைகள் வீதியை மறித்து நின்றன. சாரதி ஒலியை நிறுத்தி, வெளிச்சத்தைக் குறைத்து, அவை தாமாக நகரும் வரை பொறுமையோடு காத்திருந்தார். அந்தச் சில நிமிடங்களில், பின்னாலிருந்த தாதி என் கணவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தமக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பிரார்த்தனையா, நாடித்துடிப்பின் எண்ணிக்கையா என்று நான் கேட்கவில்லை. இரண்டில் எதுவாயினும் எனக்கு ஒன்றே. தம்புள்ளை, மாத்தளை கடந்து கண்டித் தேசிய வைத்தியசாலையின் வாசலுக்கு வரும்போது பொழுது புலர்ந்துகொண்டிருந்தது.

இதய நாடிகளைப் படமெடுத்துப் பார்க்கும் அஞ்சியோகிராம் பரிசோதனை முடிந்ததும், தமிழ் தெரிந்த இளம் வைத்தியர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சத்திரசிகிச்சை நிபுணர் எனக்கு விளக்கினார். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் இடது பிரதான முடியுருநாடி, கிளைகளாகப் பிரியும் இடத்தில் பெரும்பகுதி அடைபட்டிருந்தது. அடைப்பை விரித்துவைக்கும் சிறு குழாயான ஸ்ரென்ற் வைப்பது இவருக்குப் பொருந்தாது. நாளை வரைக்கும் காத்திருப்பதும் ஆபத்து. ஆகவே அன்றைக்கே பைபாஸ் செய்ய வேண்டும் என்றார். நெஞ்செலும்பை நடுவே பிளந்து, இதயத்தை நிறுத்தி, அதன் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, காலிலிருந்து எடுக்கும் நாளத்தையும் நெஞ்சுச் சுவரின் உட்புறத்து நாடியையும் அடைப்புக்கு அப்பால் தைத்து இரத்தத்துக்குப் புதுவழி அமைப்பார்கள் என்று அவர் காகிதத்தில் வரைந்து காட்டினார். இதயத்தை நிறுத்துவது என்ற சொல்லுக்குப் பின் அவர் சொன்னவற்றில் பாதி என் காதில் விழவில்லை. கையொப்பம் இட்டேன். என் பெயரை நானே பிழையாக எழுதியிருந்ததைப் பின்னர்தான் கண்டேன்.

ஆறு மணி நேரம். இந்த ஆறு மணி நேரத்தைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு வாங்கில் உட்கார்ந்து ஐந்தெழுத்தை ஓதிக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த சிங்கள அம்மையார் ஒருவர் தம் பிளாஸ்கிலிருந்து எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார். மாலையில் கதவு திறந்தபோது நிபுணர் முகக்கவசத்தைக் கீழே இறக்கி, தமிழில் ஒரே ஒரு சொல் சொன்னார்: “நல்லம்.”

அதன் பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் கண்டவற்றை என் ஆயுள் உள்ளவரை மறவேன். வாயில் குழாய், கழுத்தில் குழாய், நெஞ்சிலிருந்து இரத்தம் வடியும் குழாய்கள் என்று கிடந்த மனிதரைத் தாதியர் இரவும் பகலும் ஒரு குழந்தையைப் போலத் துடைத்தார்கள், திருப்பினார்கள், அளந்தார்கள், குறித்தார்கள். சத்திரசிகிச்சையின்போது இதய நுரையீரல் இயந்திரத்தை இயக்கியவர் வேறொருவர் என்பதும், அவரை நோயாளி கண்ணால் காண்பதே அரிது என்பதும் அங்கேதான் எனக்குத் தெரியவந்தது. நான்கு பை இரத்தம் ஏற்றியிருந்தார்கள். அதைத் தானமாகத் தந்தவர்கள் யார், எந்த ஊர் என்று எவருக்கும் தெரியாது. சத்திரசிகிச்சைக்கென்று எங்களிடம் ஒரு சதமும் கேட்கப்படவில்லை. அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம் என்பதை இந்த நாட்டில் பிறந்த நாங்கள் காற்றைப் போல எண்ணிக்கொண்டிருந்துவிட்டோம்.

இனித் தலையணை. நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டியிருப்பதால், இருமும்போது நெஞ்சை இறுக அணைத்துக்கொள்ள வேண்டும். சளியை வெளியேற்றாவிட்டால் நுரையீரல் கெடும். வலிக்குப் பயந்து என் கணவர் இருமலை அடக்கிக்கொண்டேயிருந்தார். விடுதியில் கடமையிலிருந்த ஒரு சிங்களத் தாதி, மிஸி என்றே நாங்கள் அவரை அழைத்தோம், இந்தச் சிறிய தலையணையை அவருடைய கைகளுக்குள் வைத்து, அதன்மேல் தம் இரு கைகளையும் பொத்திப் பிடித்து, “இருமுங்கோ ஐயா, இருமுங்கோ” என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். முன்பு இருந்த ஏதோவொரு தமிழ் நோயாளியிடமிருந்து அந்த ஒரு சொல்லை, அந்த மரியாதை விகுதியோடு, அவர் கற்று வைத்திருந்தார். வீட்டுக்கு அனுப்பும் நாளில் தலையணையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அது இனி இவருக்குத்தான் என்று சைகையால் காட்டிவிட்டார்.

அன்றைக்கே நான் ஒரு கொப்பித்தாளில் எல்லோருடைய பெயரையும் எழுதி எடுத்துக்கொண்டேன். மாமி கட்டளை அப்படி. நிபுணர், மயக்க மருந்து தந்த வைத்தியர், இயந்திரத்தை இயக்கியவர், தாதியர், தள்ளுவண்டி தள்ளிய முஸ்லிம் சிற்றூழியர் என்று 14 பெயர்கள் கிடைத்தன. திருகோணமலையின் இளம் வைத்தியர் பெயரும் அதில் உண்டு. அந்தப் பெயர்களை இங்கே எழுதுவது முறையன்று. சேரவேண்டிய இடத்தில் அவை சேர்ந்துவிட்டன.

சோமவாரத்துக்கு வருகிறேன். கோயிலுக்குக் கிட்ட வரவரக் கூட்டம் நெருக்கியது. பாதையோரக் கடைகளில் ஒரு பையன் எங்கள் தட்டைக் காட்டி, இது உள்ளே செல்லாது, தன்னிடம் வாங்கும் தட்டுத்தான் செல்லும் என்று மாமியை மறித்தான். விலையோ வெளியில் உள்ளதைப் போல மூன்று மடங்கு. வேறொருவர் வரிசையில் நிற்காமல் அழைத்துச் செல்வதாக என் காதருகே வந்து சொன்னார். கோயில் வாசலில் இப்படி நடப்பது மனதுக்கு மிகுந்த வேதனை. அதைவிடக் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி முதுகால் தள்ளிக்கொண்டு வந்தவர்களால்தான் எனக்கு நெஞ்சு பதறியது. நனைந்த படிகளில் ஒருவர் வழுக்கி இவர்மேல் சாய்ந்தார். என் கணவர் தலையணையை இறுக்கிக்கொண்டார். நான் அவருக்கு முன்னால் நின்று இரு கைகளையும் விரித்துக்கொண்டேன். ஒட்டுவதற்கு மூன்று மாதம் எடுத்த எலும்பு அது.

மாமி எதையும் பொருட்படுத்தவில்லை. இந்த மலையோடு அவருக்குள்ள உறவு வேறு. போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் திருவுருவங்கள் 1950 ஆம் ஆண்டு கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்த கதையைத் தகப்பனார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர். 1963 ஆம் ஆண்டுக் குடமுழுக்கைப் பதினாறு வயதுப் பெண்ணாக இதே ஏற்றத்தில் நின்று கண்டவர். புதைந்தவரே எழுந்து வந்து இருக்கும் இடத்தில் என் பிள்ளையை எழுப்பித் தரச் சொல்லிக் கேட்டேன் என்று ஏறும்போது ஒருமுறை சொன்னார். தாய்க்காக இந்த மலையையே பெயர்க்க முயன்ற இராவணனின் வெட்டு என்று சொல்லும் பாறைப் பிளவு, கடலிரைச்சலோடு எங்களுக்கு அருகே இருந்தது.

சந்நிதிக்கு நேரே வந்தபோது மாமி தலையணையை வாங்கித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மகனை இரு கையாலும் பிடித்து முன்னே நிறுத்தினார். “கொண்டு வந்திட்டன், பாரும்” என்றார். சுவாமியிடம்தான் சொன்னார். அவ்வளவு நாளும் அழாத என் கணவர் அப்போது குலுங்கி அழுதார். அழுகை இருமலாக மாற, தாயின் கக்கத்திலிருந்த தலையணையை நான் இழுத்தெடுத்து அவர் நெஞ்சில் வைத்தேன்.

குருக்கள் தட்டை வாங்கிப் பெயர், நட்சத்திரம் கேட்டார். மாமி மடியிலிருந்த கொப்பித்தாளை நீட்டினார். குருக்கள் அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து மேலிருந்து கீழ்வரை வாசித்தார். சிங்களப் பெயர்களும் முஸ்லிம் பெயர்களும் தமிழ்ப் பெயர்களும் கலந்திருந்த அந்தத் தாளின் அடியில், மாமி சொல்லச் சொல்ல நான் எழுதியிருந்த மூன்று வரிகளும் இருந்தன: அம்புலன்ஸ் ஓட்டின தம்பி, கையைப் பிடிச்சுக்கொண்டு வந்த மிஸி, இரத்தம் தந்த பிள்ளைகள்.

“இவை ஆர் அம்மா?”

“என்ர பிள்ளையை எனக்குத் திருப்பித் தந்த ஆக்கள், ஐயா. நட்சத்திரம் ஒண்டும் தெரியாது.”

பின்னால் கூட்டம் முண்டியது. யாரோ கெதியாக முடிக்கும்படி சத்தமிட்டார்கள். குருக்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை. சிறிது யோசித்துவிட்டு, “அப்ப எல்லாருக்கும் சுவாமியின்ர நட்சத்திரத்தையே சொல்லுவம். திருவாதிரை” என்றார். பிறகு சங்கற்பத்தைத் தொடங்கி, ஒரு பெயரையும் விடாமல், ஒவ்வொரு பெயரோடும் திருவாதிரை நட்சத்திரத்தைச் சேர்த்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். அம்புலன்ஸ் ஓட்டிய தம்பிக்கும் திருவாதிரை. இரத்தம் தந்த பிள்ளைகளுக்கும் திருவாதிரை. கர்ப்பக்கிரகத்தின் மணியோசைக்குள் அந்தப் பெயர்கள் போய்ச் சேர்வதைக் கேட்டுக்கொண்டு நின்றபோது, என் காலடியில் நிலம் இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. மாமி கண்ணை மூடவேயில்லை. பெயர்கள் சரியாக வருகின்றனவா என்று குருக்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தீபாராதனை, மாதுமை அம்பாள் சந்நிதி, வீதிவலம் எல்லாம் அதற்குப் பின் நடந்தன. அவற்றை நான் ஒழுங்காகக் கண்டதாகச் சொல்ல முடியாது.

வீடு வந்ததும் மாமி காலைக்கூட நீட்டாமல் திருநீற்றைச் சிறுசிறு காகிதப் பொட்டலங்களாக மடிக்க உட்கார்ந்தார். தை மாதத்தில் கண்டிக்கு கிளினிக் போகும்போது கொடுப்பதற்கு. விரும்பாதவர்களுக்குக் கொடுக்க வேண்டாம், கையில் வைத்து நன்றி மட்டும் சொல்லுங்கோ என்றும் சொன்னார். இரத்தம் தந்தவர்களுக்கான நான்கு பொட்டலங்களும் சுவாமியறையில் கோணேசர் படத்தின் கீழே தனியாக இருக்கின்றன.

இப்போது மார்கழி பிறந்துவிட்டது. திருவெம்பாவையின் முடிவில் திருவாதிரை வருகிறது. அந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் அன்றைக்குத்தான் நட்சத்திரம் என்று சொல்லி, மாமி பொங்கலுக்குப் பச்சையரிசி வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்.