எங்கள் ஏரிக் கால்வாய் செய்தியானது இப்படித்தான்

எங்கள் ஏரிக்கு வரும் வரத்துக் கால்வாயில் ஒருவர் மண் கொட்டி, சுற்றுச்சுவரும் எழுப்பிவிட்டார். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். ரசீது கிடைத்ததோடு சரி. அப்புறம்தான் பத்திரிகைக்குப் போவதென்று ஏரித் தண்ணீரில் பாசனம் செய்யும் ஆயக்கட்டு விவசாயிகள் கூடி முடிவெடுத்தார்கள். பேசும் பொறுப்பு எனக்கு வந்தது.

கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் பழக்கமான நாளிதழ் நிருபர் ஒருவர் நேராகவே கேட்டார்: "ஆக்கிரமிப்புன்னு வாராவாரம் மனு வந்துக்கிட்டே இருக்குண்ணே. உங்க கால்வாய்ல இப்ப என்ன புதுசு? கையில என்ன ஆதாரம் இருக்கு?"

நியாயமான கேள்வி. சாயங்காலத்துக்குள் செய்தியை அனுப்பியாக வேண்டியவர் அவர். எங்கள் பேச்சை மட்டும் நம்பி ஒருவர்மேல் குற்றம் சாட்டி எழுதினால், நாளைக்கு வக்கீல் நோட்டீஸ் பத்திரிகைக்குத்தான் போகும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டோம். கால்வாய் இருக்கும் சர்வே எண்ணுக்கு 'அ' பதிவேடு (நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு) நகலும், நிலத்தின் எல்லை காட்டும் புல வரைபடமும் கேட்டிருந்தோம். 30 நாளுக்குள் பதில் தரவேண்டும் என்பது சட்டம். வந்த நகலில் 'அரசு புறம்போக்கு, வாய்க்கால்' என்று தெளிவாக இருந்தது. அந்த ஒரு தாள் எங்கள் மனு முழுவதையும்விட கனமானது.

புதுசு என்ன என்பதற்கு வானம் பதில் சொன்னது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அதற்குள் அடைப்பை எடுக்காவிட்டால் இந்த வருடம் ஏரிக்குத் தண்ணீர் வராது. செப்டம்பர் கடைசியில், காலை பதினொரு மணி வாக்கில் அவரைக் கூப்பிட்டு இந்த இரண்டு வரியைத்தான் முதலில் சொன்னேன். மாலையில் கூப்பிட்டால் நிருபர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

படம் முக்கியம். கால்வாய் சுவரில் முட்டி நிற்கும் இடத்தில், அதே தண்ணீரை நம்பி நாற்று விடக் காத்திருக்கும் ஓர் அம்மாவை, அவர் சம்மதத்தோடு நிற்கவைத்து எடுத்தோம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறையும் என்பதால் டாக்குமென்டாக அனுப்பினோம். மனு ரசீதையும் சேர்த்தோம். 'புகார் எதுவும் வரவில்லை' என்று அதிகாரி சொல்ல அதன்பின் வழியில்லை. சுவர் கட்டியவரின் போன் எண்ணையும் கொடுத்தோம். அவர் தரப்பும் செய்தியில் வரவேண்டும், அதுதான் முறை.

டிவிக்காரர்கள் கேட்டது பைட், அதாவது கேமரா முன் பேசும் சில வரிகள் மட்டும். விவசாயிகள் யாருக்கும் எழுதிக்கொடுக்கவில்லை, அவரவர் பாணியில் பேசினார்கள்.

மாவட்டப் பக்கத்தில் படத்தோடு செய்தி வந்தது. அந்த வாரமே சர்வேயர் வந்து அளந்து கல் நட்டார். கல் நட்ட படத்தை அன்றே அதே நிருபருக்கு அனுப்பினேன். 'செய்தி எதிரொலி' என்று சின்னதாகப் போட்டார்கள். மண்ணை அள்ள ஜேசிபி வந்தது அதற்குப் பிறகுதான்.