விம்பர் கூடாரம்: கம்பும் கூரையும் முடிந்தன, தரை பாதியில்

1861 ஆகஸ்டில் பிரிட்டிஷ் மலையேறி எட்வர்ட் விம்பருக்கு வயது 21. ஆல்ப்ஸ் மலைத்தொடரில் மாட்டர்ஹார்ன் சிகரத்தின் இத்தாலியப் பக்கத்தில் கோல் டு லியோன் கணவாயில் ஒரு கூடாரம் விரித்தார். இரண்டு ஊன்றுகோல், ஓரமெல்லாம் கல் கட்டக் கயிறு, முகட்டுக் கயிற்றுக்கு முளைகள். லண்டனில் அழகாக நின்ற கூடாரம்தான். பாறையில் முளை எங்கே இறங்கும்? காற்று துணியைத் தூக்க, அதை இறக்கி மேலே உட்கார்ந்துகொண்டார்கள். இருட்டியதும் அதையே போர்த்திக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு அவர் கொண்டுவந்த கூடாரத்துக்கு முளையே தேவைப்படவில்லை. அவர் எழுதிவைத்த அளவுகளின்படி அதை முழு அளவில் கட்டுவதே இந்த வேலை. அச்சுப்படங்களுக்கு மரக்கட்டை செதுக்குவது அவருடைய தொழில் என்பதால் அளவுகள் துல்லியமாக இருக்கின்றன.

கம்புகள் முடிந்தன. மொத்தம் நான்கு, ஒவ்வொன்றும் ஆறரை அடி. அடியில் ஒன்றேகால் அங்குலத் தடிமன், நுனியில் ஒன்றே அரைக்கால் (1⅛) அங்குலம். கால் முனையில் இரும்புக் கூர். விம்பர் பயன்படுத்தியது ஆஷ் மரம். அது கிடைக்காத இடத்தில் இழை நேராக ஓடும், கணு இல்லாத எந்த உறுதியான மரமும் ஆகும். மூங்கில் வேண்டாம், துளையிட்ட இடத்திலிருந்து நீளவாக்கில் பிளந்துவிடும்.

நுனியிலிருந்து 5 அங்குலம் தள்ளித் துளை. இரண்டிரண்டு கம்புகளை அங்கே குறுக்காகச் சேர்த்து போல்ட் போட வேண்டும். 78 அங்குலத்தில் 5 போனால் 73 மிஞ்சும். கூர்முனை தரையில் பதியும் ஓர் அங்குலத்தைக் கழித்தால் 72, அதாவது சரியாக 6 அடி. கால்களை 6 அடி விரித்தால் மூன்று பக்கமும் சமமான முக்கோணம். நடுவில் உயரம் 5 அடி 2 அங்குலம். துளையை நுனிக்கு அருகே கொண்டுபோனால் இந்தக் கணக்கு கெடும், மரமும் பிளக்கும். போல்ட் 3 அங்குல நீளம், கால் அங்குலத் தடிமன். குறுக்கே சேரும் இரண்டு கம்புகளின் தடிமன் ஏறத்தாழ இரண்டேகால் அங்குலம். மிச்சத்தில் வாஷரும் நட்டும் அடங்கும். நட்டை இறுக்கிப் பூட்டினால் கத்தரிபோல் மடங்காது, கொஞ்சம் தளர்வு வேண்டும். கால்கள் மேலும் அகலாமல் இருக்க அடியில் ஒரு கயிறு.

கூரைதான் அதிக நேரம் எடுத்தது. விம்பர் சொல்லும் ஃபார்ஃபர் வெளுக்காத முரட்டுத் துணி. நம் காடாத் துணி அதற்கு நெருக்கம். 6 அடி அகலத்தில் வாங்க வேண்டும். துணியின் அகலமே கூடாரத்தின் நீளம் என்பதால் கூரையில் மூட்டுத் தையலே வராது, ஒழுக வழி குறையும். இரண்டு சரிவுக்கும் 12 அடி, இருபுறமும் தரையில் மடங்க இரண்டிரண்டு அடி, ஆக 16 அடி. காடாவை முதலில் நனைத்துக் காயவைத்தே வெட்ட வேண்டும். நனைக்காமல் தைத்தால் முதல் மழையில் சுருங்கிக் கம்பை உள்ளே இழுக்கும்.

ஒவ்வொரு கம்பையும் சுற்றித் துணியைத் தைக்க வேண்டும். கம்பின் சுற்றளவு ஏறக்குறைய 4 அங்குலம். இரு ஓரத்திலும் கூரைத் துணியையே சுற்றினால் நீளத்தில் 8 அங்குலம் போய்விடும். அதற்காக ஓரத்தில் தனிப்பட்டை சேர்த்துத் தைத்தோம். சுருக்கம் விழுந்தால் அந்த இடம் காற்றில் படபடக்கும்; தையல் முதலில் விடுவதும் அங்கேதான். கடைசியில் துணியைக் கம்போடு ஆணி அடிக்க வேண்டும். வடிவம் குலையாமல் காப்பது அந்த ஆணிகள்தான்.

தரை பாதியில் நிற்கிறது. ரப்பர் பூசிய மெக்கின்டாஷ், ஏறத்தாழ 9 அடிச் சதுரம். மருத்துவமனைக் கட்டிலில் விரிக்கும் ஷீட்டும் இந்த வகைதான். 3 அடி அகலத்தில் கிடைத்தால் மூன்று துண்டுகளைச் சைக்கிள் ட்யூப் ஒட்டும் சொலுசனால் ஒட்டி, பிறகு தைக்கலாம். வெறும் தையலென்றால் ஊசித் துளை வழியே ஈரம் ஏறும். 6 அடித் தரை போக மிச்சமுள்ள 3 அடியைச் சரிசமமாகப் பிரிக்கக் கூடாது: தலைப் பக்கம் 2 அடி மேலேற்றி, கால் பக்கம் 1 அடி. குளிர்காற்று தலையில் அடிக்காமலிருக்க இந்த ஏற்பாடு. தரையும் சுவரும் ஒன்றாகத் தைத்திருப்பதால் உள்ளே படுப்பவர்களின் எடையே கூடாரத்தைப் பிடித்துக்கொள்ளும். 1861இல் முளைகள் செய்யத் தவறிய வேலை இது.

ரப்பர் தரைக்கு ஒரு பலவீனம் உண்டு. 1880 பிப்ரவரியில் எக்குவடோரின் கோட்டோபாக்ஸி எரிமலை உச்சியில் விம்பர் இரவு தங்கியபோது ரப்பர் நாற்றம் வந்தது. தரையைத் தொட்டுப் பார்த்தால் உருகும் பக்குவம். வெப்பமானி வைத்ததில் ஓரிடத்தில் 110 பாரன்ஹீட் (43 செல்சியஸ்), எதிர்ப்பக்கத்தில் 50 மட்டுமே. அடுப்புக்குப் பக்கத்தில் இதை விரிக்கவே கூடாது.

இன்னும் மிச்சம்: பின்பக்க முக்கோணத்தை நிரந்தரமாக மூடுவது, முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று படியும் இரண்டு மடல்கள், உள்ளிருந்து கட்ட நாடா. முகட்டுக்குத் தனிக் கம்பு கிடையாது. மலையேறும் கயிற்றையே குறுக்கிட்ட நுனிகளின் மேல் போட்டு, கூரைக்கு அடியில் ஓட்டி, முன்னும் பின்னும் கல்லில் கட்ட வேண்டும். விம்பரின் மூலக் கூடாரத்தின் எடை 23 பவுண்டு, சுமார் பத்தரை கிலோ. இருவர் மூன்று நிமிடத்தில் நிறுத்தலாம் என்கிறார் விம்பர். கூரை முழுதாக மழை தாங்காது என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார். மேலே மெக்கின்டாஷ் சேர்த்தால் இரண்டரை பவுண்டு கூடும். தரை முடிந்ததும் அந்த மேல்விரிப்பையும் வெட்டிவிடுவோம்.