கவண்டன், கவுண்டர், கோவெண்டர்: ஆற்காட்டிலிருந்து ஒரு நாட்குறிப்பு

2024 ஜூன் 23, ஞாயிறு

நேற்று சாயந்திரம் ஒரு அம்மாள் வந்திருந்தார். இருப்பது ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில், பிறந்தது தென்னாப்பிரிக்காவில் டர்பன். அறுபதைத் தாண்டிய வயது, நெற்றியில் சின்னப் பொட்டு. தமிழ் பேச வராது. வாடகைக் கார் ஓட்டும் பையன் "பழைய ஊர்ப்பேரெல்லாம் எங்க ஐயாவுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிக் கூட்டிவந்துவிட்டான். ஆற்காட்டில் 38 வருஷம் பத்திரம் எழுதினவனுக்குக் கிடைத்த பேர் அது.

கைப்பையிலிருந்து ஒரு நகலை எடுத்து வைத்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா 1890-களில் ஏறிப்போன கூலிக் கப்பலின் பட்டியலில் ஒரு வரி. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் காலம் பூராவும் இதே வரிசையில்தான் எழுதினேன். "வட ஆற்காடு ஜில்லா, வாலாஜா தாலுகா, இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார்." உயரமும் மச்சமும்தான் என் பத்திரத்தில் இருக்காது. நிலத்தை விற்கிறவனுக்கு அது தேவைப்படவில்லை.

அவருடைய குடும்பப் பெயர் கோவெண்டர். கோவிந்தனிலிருந்து வந்ததா என்று கேட்டார். "ஆமாம்மா, பெருமாள் பேரு" என்று சொல்லிவிட்டேன். அவருக்கு முகம் மலர்ந்தது. பெரியவரின் பெயரையும் கிராமத்தையும் வெளியில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் இங்கே அவை வராது.

ஜூன் 25, செவ்வாய்

அவசரப்பட்டுச் சொன்னது தப்பு.

ராத்திரி தூக்கம் வராமல் அந்த வரியையே மனசில் ஓட்டிக்கொண்டிருந்தேன். பெயர்க் கட்டத்தில் ஒரே ஒரு பெயர். தகப்பன் பெயரும் அப்படியே, மொட்டையாக. கோவெண்டர் என்று எங்குமே இல்லை. ஜாதிக் கட்டத்தில் மட்டும் ஆங்கிலத்தில் ஒரு சொல். அதை எழுத்துக்கூட்டிப் பார்த்தால் "கவண்டன்".

காலையில் பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினேன். கட்சிக்காரர்கள் வாங்கிக்கொள்ளாமல் விட்டுப்போன மூலப் பத்திரங்கள் ஒரு கட்டு. பழைய கிரயப் பத்திரம் ஒன்றில் இருக்கிறது: "கவண்டர்". கவுண்டர் இல்லை, கவண்டர். அந்தக் காலத்தில் இரண்டு விதமாகவும் எழுதினார்கள். 1901 மக்கள்தொகைக் கணக்கில்கூட ஆயிரம் பேருக்கு மேல் தங்கள் ஜாதியைக் கவண்டன் என்றே சொல்லிப் பதிவாகியிருக்கிறார்கள். இந்த "வ"வை ஆங்கில எழுத்தில் போட்டுப் பாருங்கள், கோவெண்டருக்கு அரை அடி தூரம்தான்.

அந்த அம்மாளுக்குப் போன் போட்டேன். உங்கள் ஊரில் இந்தப் பெயரை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். "கவெண்டர்" என்றார். நடு எழுத்தில் அழுத்தம். அவ்வளவுதான், முடிந்தது கதை. நாம் "கவுண்டர்" என்று மாற்றிக்கொண்டோம், அவர்கள் பழசையே வைத்திருக்கிறார்கள். கோவிந்தன் போனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஜூன் 30, ஞாயிறு

இன்று சாப்பாட்டுக்கு அழைத்திருந்தோம். என் வீட்டுக்காரியை "அக்கா" என்றார், என்னை "அண்ணா" என்றார். பாட்டியை "ஆயா" என்றுதான் கூப்பிடுவார்களாம். எங்கள் பக்கத்துச் சொல். இவளுக்கு அதைக் கேட்டதும் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றத் தோன்றியது.

நான் தெரிந்துகொண்டதை எல்லாம் சொன்னேன். கவுண்டர் என்பது முதலில் ஒரு ஜாதிப் பெயரே இல்லை, ஊர்த்தலைவனைக் குறிக்கும் சொல். கன்னடக் கல்வெட்டுகளில் காமுண்ட, காவுண்ட என்று வரும். இன்றைய கௌடாவும் அதன் வழிதான். கொங்கு நாட்டுக் கல்வெட்டுகளில் காமிண்டன். அப்புறம் அது பல சாதியாருக்கும் பட்டமாகப் பரவியது: கொங்கு வேளாளர், வேட்டுவர், அனுப்பர், காப்பிலியர், ஊராளி, செம்படவர். எங்கள் வட ஆற்காட்டில் வன்னியர். அதே வன்னியர் தென் ஆற்காட்டுப் பக்கம் படையாட்சி, செங்கல்பட்டுப் பக்கம் நாயக்கர். டர்பனில் கோவெண்டர், படையாச்சி, நாயக்கர் என்று மூன்று வீட்டார் அடுத்தடுத்து இருந்தால், மூன்று பேரும் ஒரே சாதியாக இருக்கலாம். இரண்டு கோவெண்டர்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவர்களாகவும் இருக்கலாம்.

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "அப்போ நாங்க எந்த ஜாதி?" என்றார். அங்கே யாரும் கேட்பதில்லையாம், அதனால் தெரியாதாம். எனக்கும் தெரியாது என்றேன். கப்பலேறும்போது ஒரு ஆள் தன் பட்டத்தை ஒரு படி கூட்டிச் சொல்லியிருந்தால் யார் ஊருக்கு ஆள் அனுப்பி விசாரிப்பார்கள்? அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

இன்னொன்றும் கேட்டார். டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்தில் கவுண்டன் என்று முடியும் குடும்பங்கள் தனியாக இருக்கின்றனவாம், தங்களுக்கும் அவர்களுக்கும் உறவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தாராம். அது வேறொன்றுமில்லை. எழுதச் சொன்னவர் "ன்" போட்டுச் சொன்னால் கவுண்டன், "ர்" போட்டுச் சொன்னால் கோவெண்டர். ஒரு மரியாதை விகுதி இரண்டு குடும்பப் பெயர் ஆகிவிட்டது. தமிழ் தெரியாதவருக்கு இதை விளக்க அரைமணி நேரம் ஆனது.

ஜூலை 4, வியாழன்

மழை. கரண்ட் இல்லை. நேற்றுப் படித்ததைக் குறித்து வைக்கிறேன்.

சென்னையிலிருந்து நேட்டாலுக்கு முதல் கப்பல் ட்ரூரோ. 1860 அக்டோபர் 12-ல் புறப்பட்டு நவம்பர் 16-ல் டர்பன் சேர்ந்தது. ஐந்து வருஷ ஒப்பந்தம், முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங் சம்பளம், கரும்புக் காடு. 1911-ல் நிறுத்துகிற வரை மொத்தம் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்கினால் வருஷத்துக்கு மூன்று பவுன் வரி என்று 1895-ல் சட்டம் போட்டார்கள். எண்ணைக் காட்டு, பெயரைச் சொல், வரி கட்டினாயா என்று கேட்டுக்கொண்டே இருக்கும் ஊரில் பெயர் ஒரு இடத்தில் நின்றுதானே ஆக வேண்டும்.

நம்மில் பெயர் நிற்காது. அப்பன் பெயர் மகனுக்கு முன்னெழுத்து, பேரனிடம் அது மறைந்துபோகும். வெள்ளைக்காரக் குமாஸ்தாவுக்கு இது பிடிபடவில்லை. அவனுக்குத் தலைமுறை தாண்டி வருகிற ஒரு வால் வேண்டும். சிலரிடம் அது பட்டமாகக் கிடைத்தது: முதலியார் மூட்லி ஆனது, பிள்ளை பில்லே ஆனது, நாயுடு அப்படியே. பட்டம் சொல்லாதவர்களுக்கு அப்பன் பெயரே வால் ஆகிவிட்டது. நம் ஆட்கள் கப்பலேறிப் போன இன்னொரு இடம் தென் அமெரிக்காவில் இருக்கும் கயானா. அங்கே கிரிக்கெட் ஆடும் வீரசாமி பெர்மால் பெயரில் இருப்பது நம் பெருமாள்தான். 2015 முதல் 2020 வரை அங்கே பிரதமராக இருந்த மோசஸ் நாகமூட்டூ, நாகமுத்து.

பிரெஞ்சுக்காரன் காதில் விழுந்தது வேறு மாதிரி. ரீயூனியன் தீவின் அரசியல்வாதி ஒருவர் ழான்-போல் விராப்பூல்லே. அந்தப் பூல்லே எது தெரியுமா? நாம் பேச்சில் "புள்ள" என்கிறோமே, அதுதான். பிள்ளை என்று எழுதத் தெரிந்தவன் யாரும் அந்த மேஜைக்குப் பக்கத்தில் இல்லை போலிருக்கிறது. கரீபியன் கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் இந்தியர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று 1904 தொடங்கி 1923 வரை வழக்காடியவர் ஆன்ரி சிதம்பரம். அவர் பெயர் கடைசி வரை "சிதம்பரோம்" என்றே எழுதப்பட்டது.

எனக்கு அந்தக் குமாஸ்தாக்கள் மேல் கோபம் இல்லை. நானே ஒருமுறை ஒரு பத்திரத்தில் குப்பம்மாளைக் குப்பம்மா என்று எழுதி, பட்டா மாறாமல், பிழை திருத்தல் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், கையிலிருந்து காசு போட்டு. கப்பலில் போனவர்களுக்கு அந்த வசதி இல்லை.

ஜூலை 7, ஞாயிறு

அந்த அம்மாள் திருவண்ணாமலை போய்விட்டு வந்தார். வந்ததும் ஒரு கதை சொன்னார்.

அவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது கேட்டோ மேனர் என்ற இடத்தில் வீடு. இன்ன இனத்தார் இன்ன பகுதியில்தான் வசிக்கலாம் என்ற சட்டத்தின்படி அங்கிருந்து கிளப்பி, சாட்ஸ்வர்த் என்று இந்தியர்களுக்கென்று கட்டிய இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். பள்ளிக்கூட வருகைப் பதிவில் நாயுடு, பில்லே, கோவெண்டர், மூட்லி என்று பக்கம் பக்கமாக வருமாம். ஒரே வகுப்பில் கோவெண்டர் ஆறு பேர், டீச்சர் முன்னெழுத்தை வைத்துத்தான் கூப்பிடுவார். 1990-களில் பெர்த்துக்குக் குடிபோனார். அங்கே பக்கத்து வீட்டில் ஒருவர் பெயர் கவுண்டார். பிஜிக்காரர், 1987 ராணுவப் புரட்சிக்குப் பிறகு வெளியேறியவர். வீட்டில் இந்தி பேசுவார். இருபது வருஷம் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று புல்வெட்டும் இயந்திரம் கடன் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே சொல் என்று இருவருக்கும் தெரியாது.

பிஜிக்குச் சென்னையிலிருந்து ஆள் போனது 1903-க்குப் பிறகுதான், சுமார் 15,000 பேர். அதற்குள் "கவுண்டர்" என்று எழுதும் பழக்கம் பரவியிருக்கலாம், அல்லது அந்தக் குமாஸ்தாவுக்குக் காது நன்றாக இருந்திருக்கலாம். இது என் ஊகம்.

மலேசியாவுக்குப் போயிருந்தால் இந்தக் குழப்பமே இல்லை. அங்கே இன்னார் "அனாக் லெலாக்கி" இன்னார், அதாவது இன்னார் மகன் இன்னார். என் பத்திர வாசகம் மாதிரியே. வால் கிடையாது.

ஜூலை 14, ஞாயிறு

ஊர் தேடும் வேலை. பட்டியலில் கிராமத்தின் பெயர் ஏழெழுத்து ஆங்கிலச் சொல். அதை நான்கு விதமாக வாசிக்கலாம்.

இதில் என்ன சிக்கல் என்றால், அன்றைய வட ஆற்காடு இன்று எங்கே என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். 1911-ல் சித்தூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். பிற்பாடு அது ஆந்திராவோடு போனது. அதில் திருத்தணிப் பக்கம் 1960-ல் நம்மிடம் திரும்பி வந்தது. 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆற்காடே இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். ஆள் கடல் கடந்துபோனார் என்கிறோம், ஜில்லாவும்தான் கலைந்துபோயிருக்கிறது.

வருவாய்க் கிராமப் பட்டியலில் தேடி இரண்டு ஊர்களைக் குறித்தேன். ஒன்று இங்கிருந்து 20 கிலோமீட்டருக்குள். இன்னொன்று சித்தூர் போகிற வழியில், எல்லைக்கு அந்தப் பக்கம்.

இடையில் இன்னொரு எண்ணம். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விடுவது என்று தீர்மானம் போட்டார்கள். பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியன் பெயரிலிருந்து நாடார் போனது அங்கேதான். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இங்கே வால்கள் உதிர்ந்தன. நானே 1980-களில் பத்திரத்தில் பட்டம் எழுதுவதை விட்டுவிட்டேன், யாரும் வற்புறுத்தவில்லை. அந்தக் கப்பல்கள் எல்லாம் அதற்கு முன்பே போய்விட்டன. அங்கே வால் நின்றுவிட்டது, அது குறித்த சாதி மறந்துவிட்டது. இங்கே வால் போய்விட்டது, சாதி மட்டும் கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது தவறாமல் ஞாபகம் வருகிறது.

ஜூலை 21, ஞாயிறு

ஆடி முதல் ஞாயிறு. பக்கத்தில் இருக்கிற ஊருக்குப் போனோம்.

வேப்பமரத்தடியில் ஒரு பெரியவர், எண்பதுக்கு மேல் இருக்கும். விஷயத்தைச் சொன்னேன். பெயர், தகப்பன் பெயர் எல்லாம் சொன்னேன். "அந்தப் பேர்ல இந்த ஊர்ல வீட்டுக்கு ஒருத்தன் இருந்திருப்பான். எந்த வகையறா?" என்றார். அது தெரிந்தால் நான் ஏன் வருகிறேன்? கோவெண்டர் என்று சொல்லிப் பார்த்தேன். "வெள்ளைக்காரங்களா?" என்று கேட்டார்.

அப்புறம் "கும்புடற சாமி எது?" என்றார். மொழிபெயர்த்தேன். அந்த அம்மாள் யோசிக்காமல் "கெங்கையம்மன்" என்றார். ஆடி மாதத்தில் அவர்கள் வீட்டிலும் கோவிலிலும் கூழ் காய்ச்சி ஊற்றுவார்களாம், டர்பனில் அதற்கு "பாரிட்ஜ் பிரேயர்" என்று பெயராம். அம்மா, ஆயா, அதற்கு முந்தியவர்கள் எல்லாரும் செய்ததாம்.

பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். "அப்போ நம்ம பக்கம்தான்." அவ்வளவுதான் சொன்னார். கங்கையம்மன் இந்தப் பக்கத்தில் ஊருக்கு ஊர் உண்டு, குடியாத்தம் சிரசுத் திருவிழாவுக்கு ஜில்லாவே திரளும். அதனால் இந்தக் கிராமம்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் கோவில் வாசலில் அண்டாவில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் கையில் சொம்பைக் கொடுத்ததும், யாரும் சொல்லாமலே வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தார். புளிப்பு சரியாக இருக்கிறது என்றார்.

ஜூலை 26, வெள்ளி

சித்தூர் பக்கத்து ஊருக்கும் போய்ப் பார்த்தோம். அங்கே எல்லாரும் தெலுங்கு பேசுகிறார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

ஜூலை 29, திங்கள்

காலையில் சென்னை கிளம்பிவிட்டார். போகும்போது அந்த நகலில் ஒரு பிரதியை எனக்குக் கொடுத்தார். ஊர் தெரிந்தால் சொல்லுங்கள் அண்ணா என்றார். அதன் ஓரத்தில் தமிழில் கவண்டர் என்று எழுதிக் கேட்டார், எழுதிக் கொடுத்தேன். பெர்த்தில் அந்தப் பிஜிக்காரரிடம் காட்டப்போகிறாராம்.

ராத்திரி டல்லாஸிலிருந்து மகன் கூப்பிட்டான். பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கை. முன்பு விசா எடுக்கும்போது கடைசிப் பெயர்க் கட்டத்தை நிரப்ப என் பெயரைப் போட்டுவிட்டான். பெயர் ஒன்றே ஒன்று என்று விட்டவர்களுக்கு அங்கே முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கமாக எஃப் என் யூ என்று அடித்துவிடுகிறார்கள், அந்தப் பயம். அதனால் மருமகளும் ஏகாம்பரம், பேத்தியும் ஏகாம்பரம். இனி பேத்தியின் பிள்ளைகளும் அதுவாக இருக்கலாம். நான் இதைப் பற்றி இதுவரை யோசித்ததே இல்லை.

"அப்பா, உங்க பேருக்கு நடுவுல கே-வா, ஜி-யா? என் பாஸ்போர்ட்டுல ஒண்ணு இருக்கு, கல்யாண சர்டிபிகேட்டுல ஒண்ணு இருக்கு" என்றான்.

என் ரேஷன் கார்டில் ஜி. ஆதாரில் கே. எந்தக் குமாஸ்தா எதை எழுதினானோ. காலையில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.